பழைய தேவாலய மணிகளுக்குப் புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி: அறிகுறி வழியே பிழை நீக்கும் வழிமுறை

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950களிலும் 1960களிலும் மின்மோட்டார் பொருத்தப்பட்ட தேவாலய மணிகள் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஏராளமாக உள்ளன. அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கோபுரத்தில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு மும்முனை (மூன்று ஃபேஸ்) மோட்டார் உண்டு. மணி தொங்கும் நுகத்தோடு இணைந்த பெருஞ்சக்கரத்தை அது சங்கிலியால் இழுத்து மணியை ஆட்டும். நேரம் அடிப்பதற்கு மணியின் வெளிப்புறத்தில் தனியாக ஒரு மின்காந்தச் சுத்தியல் இருக்கும். கீழே திருப்பொருள் அறையின் (வழிபாட்டுப் பொருள்கள் வைக்கும் அறை) சுவரில் தாய்க்கடிகாரமும், ஊசிகள் செருகிய நிரல் உருளையும், கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்தச் சுவிட்ச்) வரிசையும் அடங்கிய பெட்டி இருக்கும். இன்று நவீனப்படுத்துவது என்றால் பெரும்பாலும் அந்தப் பெட்டியை மட்டும் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் ஒரு பி.எல்.சி. (நிரலிடக்கூடிய கட்டுப்பாட்டுக் கருவி) அல்லது நுண்கட்டுப்படுத்திப் பலகையை வைப்பதுதான். மோட்டார், சங்கிலி, சுத்தியல், கோபுரம் வரை செல்லும் கேபிள் ஆகிய அனைத்தும் பழையவையாகவே தொடர்கின்றன.

அவ்வாறு மாற்றிய பிறகு எழும் கோளாறுகளை அறிகுறி வாரியாக அணுகுவதே இவ்வழிமுறையின் நோக்கம். புதிய பெட்டியே பழுதாக இருப்பது அரிது. பழைய பெட்டியில் பல பாதுகாப்புகள் எந்த வரைபடத்திலும் எழுதப்படாமல் பொறியமைப்பிலேயே அமைந்திருந்தன. பெட்டியோடு அவையும் கழற்றப்பட்டுவிட்டன என்பதே பெரும்பாலான கோளாறுகளின் வேர். ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும், பழைய அமைப்பில் இந்த வேலையை எந்த உறுப்பு செய்துகொண்டிருந்தது என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய பெட்டி இன்னும் குப்பைக்குப் போகவில்லை என்றால் அதை ஒரு மூலையில் பத்திரப்படுத்தி வையுங்கள். கைப்பட வரைந்த சுற்றுப்படத்தைவிட அது நம்பகமான ஆவணம். அக்காலப் பெட்டிகளில் கல்நார்த் தகடுகள் இருக்கக்கூடும் என்பதால் எதையும் துளையிடவோ உரசவோ வேண்டாம்.

கோபுரம் ஏறுமுன்

மணியறையில் ஒரு பூட்டக்கூடிய பிரிப்பான் சுவிட்ச் இருக்க வேண்டும். அது மோட்டார்களுக்கும் சுத்தியல்களுக்கும் செல்லும் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். திரையில் உள்ள "பராமரிப்பு" பொத்தான் அதற்கு ஈடாகாது. நிரல் நேரப்படி இயங்கும் இயந்திரத்துக்கு மணியின் அடியில் ஆள் நிற்பது தெரியாது. ஓசை காதைப் பாதிக்கும் என்பதோடு ஆபத்து முடிவதில்லை. கொலோன் பேராலயத்தில் 1923இல் வார்க்கப்பட்ட, ஏறத்தாழ 24 டன் எடையுள்ள புனித பேதுரு மணியின் நாக்கு (மணிக்குள் தொங்கி அதை அடிக்கும் தண்டு), 2011 ஜனவரி 6ஆம் நாள் திருக்காட்சிப் பெருவிழாவன்று மணி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே முறிந்து விழுந்தது. ஆடும் மணியின் அடியிலும் அது வீசும் திசையிலும் எக்காரணத்துக்காகவும் நிற்கக் கூடாது. சோதனைக்காக மணியை இயக்க வேண்டியிருந்தால், கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் குரலைக் கேட்ட பின்னரே பொத்தானை அழுத்த வேண்டும்.

அறிகுறி: சுத்தியல் அடித்தவுடன் ஓசை மழுங்குகிறது, அல்லது "டக்" என்று ஒடுங்குகிறது

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. மணியை உடைக்கக்கூடிய கோளாறுகளில் இதுவும் ஒன்று. சுத்தியல் மணியைத் தொட்டவுடன் திரும்ப வேண்டும். ஓய்வு நிலையில் மணிக்கும் சுத்தியலுக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கடைசிச் சில மில்லிமீட்டரைச் சுத்தியல் தன் வேகத்தாலேயே கடந்து, அடித்துவிட்டு, வில்லின் விசையாலோ தன் எடையாலோ பின்வாங்கும். சுருளில் மின்னோட்டம் இன்னும் இருந்தால் சுத்தியல் மணியோடு ஒட்டிக்கொண்டு அதிர்வை அடக்குகிறது. அதிரும் வெண்கலத்தின் மீது இரும்பு உரசிக்கொண்டே இருந்தால் காலப்போக்கில் விரிசல் விழலாம்.

முதலில் பிரிப்பானைப் பூட்டிவிட்டு, கையால் சுத்தியலை அழுத்தி விட்டுப் பார்த்து, இடைவெளி சரியா, வில் தளர்ந்துள்ளதா என்று காண வேண்டும். பொறியமைப்பு சரியாக இருந்தால் குற்றம் துடிப்பின் நீளத்தில், அதாவது சுருளுக்கு மின்சாரம் தரும் நேரத்தில் இருக்கிறது. நிரலில் துடிப்பை மிகக் குறைத்து, எடுத்துக்காட்டாக 50 மில்லி விநாடியில் தொடங்கி, 10 மில்லி விநாடி வீதம் கூட்டிக்கொண்டே சென்று, ஓசை தெளிவாகவும் போதுமான அளவிலும் வரும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் கூட்டினால் ஓசை வளராது, ஒட்டுதல்தான் வளரும்.

துடிப்பைக் குறைத்தும் சுத்தியல் தாமதமாகவே விடுகிறது என்றால், சுருளுக்குக் குறுக்கே போட்ட டயோடைச் சந்தேகிக்க வேண்டும். புதிய பெட்டியின் டிரான்சிஸ்டர் வெளியீட்டைக் காப்பாற்ற அந்த டயோடு அவசியமே. ஆனால் வெறும் டயோடு, சுருளின் மின்னோட்டத்தைத் தனக்குள்ளேயே சுழலவிட்டு மெல்ல மெல்லத் தேய வைக்கிறது. டயோடோடு தொடராக ஒரு செனர் டயோடை எதிர்த்திசையில் வைத்தால், அல்லது டயோடுக்குப் பதிலாக ஏற்ற அளவுள்ள வேரிஸ்டரைப் போட்டால், மின்னோட்டம் விரைவாக வடியும். செனரின் மின்னழுத்தமும் வழங்கல் மின்னழுத்தமும் சேர்ந்து டிரான்சிஸ்டரின் தாங்கும் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். பிரிட்ஜ் ரெக்டிஃபயர் வழியே ஊட்டப்படும் சுருள்களில் இதே கோளாறு வேறு வேடத்தில் வரும்: சுவிட்சை மாறுமின் (ஏ.சி.) பக்கத்தில் வைத்தால் அந்தப் பிரிட்ஜே டயோடாக நின்று மின்னோட்டத்தைச் சுழலவிடும். நேர்மின் (டி.சி.) பக்கத்தில், நேர்மின்னைத் துண்டிக்கத் தகுந்த கான்டாக்டரால், உரிய மிகை மின்னழுத்தப் பாதுகாப்போடு துண்டிப்பதே தீர்வு.

ஓசை மழுங்காமல், முன்பைவிடக் கடுமையாக மாறியிருந்தால் ரெக்டிஃபயரைப் பாருங்கள். பழைய பெட்டிகளில் செலினியம் தகடுகளாலான ரெக்டிஃபயர்கள் இருந்தன. அவற்றில் மின்னழுத்த வீழ்ச்சி அதிகம். அவற்றைக் கழற்றிவிட்டுச் சிலிக்கான் பிரிட்ஜைப் போட்டவுடன், அதே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து சுருளுக்குக் கூடுதல் மின்னழுத்தம் கிடைக்கிறது. சுத்தியல் பலமாக அடிக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரில் குறைந்த மின்னழுத்தம் தரும் இடைமுனை (டேப்) இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையெனில் தொடர் மின்தடையால் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

அறிகுறி: மணி ஆடிக்கொண்டிருக்கும்போது நேரச் சுத்தியலும் விழுகிறது

கணமும் தாமதிக்காமல் நேர அடிப்பை நிறுத்திவையுங்கள். ஆடும் மணியின் விளிம்பு சுத்தியலை நோக்கி வேகமாக வரும் வேளையில் சுத்தியலும் எதிரே போனால், மோதும் விசை இயல்பான அடியைவிடப் பன்மடங்கு. மணி வெடிக்கலாம், சுத்தியலின் தண்டு வளையலாம். பழைய பெட்டியில் ஆட்ட மோட்டாரின் கான்டாக்டரில் இருந்த ஒரு துணைத் தொடர்பு, சுத்தியலின் மின்சுற்றைத் திறந்துவைத்திருக்கும். சில இடங்களில் சுத்தியலையே மணியிலிருந்து தூக்கிப் பிடிக்கும் தனி மோட்டார் இருக்கும்.

புதிய நிரலில் இந்தப் பூட்டை எழுதும்போது பெரும்பாலும் ஒரு ஓட்டை விடப்படுகிறது. மோட்டார் ஓடும் வரை மட்டுமே பூட்டு நீடிக்கும்படி எழுதுகிறார்கள். மோட்டார் நின்ற பிறகும் பெரிய மணி நிமிடக்கணக்கில் ஆடிக்கொண்டிருக்கும். காலை 7:00 மணிக்கு முடியும் மணியோசையைத் தொடர்ந்து ஏழு அடிகள் விழ வேண்டும் என்றால், சிக்கல் அங்கேதான். மணி ஓய்ந்ததை உணரி மூலம் அறியும் வரையோ, உணரி இல்லையெனில் தாராளமான நிலையான நேரம் வரையோ பூட்டு நீடிக்க வேண்டும். அதற்குள் வரும் அடிகள் ஒத்திவைக்கப்படாமல் கைவிடப்பட வேண்டும். இந்தப் பூட்டை நிரலை மட்டும் நம்பி விடாமல், கான்டாக்டரின் துணைத் தொடர்பு வழியாகக் கம்பியிலும் இடுங்கள்.

அறிகுறி: மோட்டார் இழுக்கிறது, மணி சற்றே அசைகிறது, ஆனால் எழும்புவதில்லை

மோட்டார் உறுமிக்கொண்டு நகராமல் நின்றால் மூன்று முனைகளில் ஒன்று வரவில்லை. உடனே நிறுத்திவிட்டு ஃபியூஸ், டெர்மினல், கான்டாக்டரின் மூன்று தொடர்புகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இது எளிய நிலை.

மோட்டார் இருபுறமும் ஒழுங்காக மாறி மாறி இழுத்தும் மணி எழும்பவில்லை என்பதுதான் குழப்பும் நிலை. மணியை ஆட்டுவது ஊஞ்சலைத் தள்ளுவது போன்றது. போகும் திசையில் தள்ளினால்தான் உயரும். பெட்டியை மாற்றும்போது முனைகளின் வரிசை இடம் மாறியிருந்தால், உணரி "வலப்புறம் செல்கிறது" என்று சொல்லும் நேரத்தில் மோட்டார் இடப்புறமாக இழுக்கிறது. கட்டுப்படுத்தி மணியை ஆட்டுவதாக எண்ணிக்கொண்டு அதைத் தடுத்துக்கொண்டே இருக்கும். கிளாம்ப் மீட்டரில் மின்னோட்டம் வழக்கத்தைவிட உயர்ந்திருப்பதும், சில நிமிடங்களில் ஓவர்லோட் ரிலே விழுவதும் இதற்கான அடையாளங்கள். மோட்டாருக்குச் செல்லும் ஏதேனும் இரண்டு முனைகளை இடம் மாற்றினால் போதும்.

வரிசை சரியாக இருந்தும் மணி பாதி உயரம் வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டால், துடிப்புகளின் கால அளவைக் கவனிக்க வேண்டும். சிறு கோணத்தில் ஊசலின் அலைவுக் காலம் மாறாது என்று பள்ளியில் படித்ததை நம்பி எழுதிய நிரல்கள் இங்கேதான் தவறுகின்றன. செங்குத்திலிருந்து 60 டிகிரி வரை ஆடும் மணியின் அலைவுக் காலம், சிறு ஆட்டத்தின் காலத்தைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு அதிகம். 90 டிகிரியில் 18 விழுக்காடு அதிகம். தொடக்க ஆட்டத்தில் அளந்த காலத்தையே கடைசி வரை பயன்படுத்தும் நிரல், மணி உயர உயர முந்திக்கொண்டு தள்ளி, ஒரு கட்டத்தில் மணிக்கு எதிராகவே இழுக்கத் தொடங்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் மணி நடுப்புள்ளியைக் கடப்பதை உணரி மூலம் புதிதாக அறிந்து, அதிலிருந்து அடுத்த துடிப்பைக் கணக்கிட வேண்டும். பழைய அமைப்பில் மணியின் அச்சிலேயே பொருத்திய சுவிட்ச் இந்த வேலையை ஒரு கணக்குமின்றிச் செய்துவந்தது.

முன்னோக்கும் பின்னோக்கும் இழுக்கும் இரு கான்டாக்டர்களுக்கு இடையே இயந்திரப் பூட்டும் மின்பூட்டும் இரண்டுமே வேண்டும். நிரலில் இடைநேரம் விட்டிருக்கிறோம் என்ற துணிவில் அவற்றைத் தவிர்ப்பவர்கள், ஒரு தொடர்பு ஒட்டிக்கொள்ளும் நாளில் இரு முனைகளை நேரடியாகக் குறுக்கிணைப்பார்கள்.

மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கும்போது மட்டும் எம்.சி.பி. (மிகை மின்னோட்டத்தில் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் கோளாறு என்று எதுவுமில்லை. சிறிய மணியில் தொடங்கிப் பெரிய மணியில் முடியும்படி, சில விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாகச் சேர்க்கும் பழைய மரபை நிரலில் திரும்பக் கொண்டுவாருங்கள். காதுக்கும் அதுவே இனிது.

அறிகுறி: நாக்கு ஒரு பக்கம் மட்டும் அடிக்கிறது, அல்லது மாற்றத்துக்குப் பின் ஓசை முரட்டுத்தனமாக இருக்கிறது

ஒரு பக்க அடிப்புக்கு முதற் காரணம் ஆட்டக் கோணம் குறைவாக இருப்பது. அடுத்தது மோட்டாரின் துடிப்பு ஒரு திசையில் மட்டும் நீண்டிருப்பது. இரு திசைத் துடிப்புகளையும் சமமாக்கிவிட்டு, கோணத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள். அதன் பிறகும் மாறவில்லை என்றால் நாக்கின் தொங்கல் மையம் விலகியுள்ளது. அது மணி வல்லுநரின் வேலை, மின்பணியாளரின் வேலை அன்று.

முரட்டு ஓசைக்குக் காரணம் எதிர்த்திசையில் உள்ளது: கோணம் கூடிவிட்டது. புதிய கட்டுப்படுத்தி திறமையாகத் தள்ளுவதால் மணி முன்பு எட்டாத உயரத்தை எட்டுகிறது. பங்கு மக்கள் சிலர் "இப்போதுதான் நன்றாகக் கேட்கிறது" என்று மகிழ்வதும் உண்டு. ஜெர்மனியின் கெம்ப்டன் நகரில் உள்ள பயன்பாட்டு அறிவியல் உயர்கல்வி நிறுவனத்தை மையமாகக் கொண்டு நடந்த புரோபெல் என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டம், நாக்கு அடிக்கும் விசையே மணியின் தேய்மானத்துக்கும் களைப்புக்கும் முதன்மைக் காரணம் என்பதை அளவீடுகளால் காட்டியது. கோணத்தைச் சில டிகிரி குறைப்பதால் ஓசையில் இழப்பது சிறிது, மணியின் ஆயுளில் பெறுவது பெரிது.

கோணத்தை மாற்றும்போது கோபுரத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆடும் மணி கோபுரத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசையில், மணியின் ஆட்ட அதிர்வெண்ணின் மூன்று மடங்கில் வரும் கூறு குறிப்பிடத்தக்கது. நிமிடத்துக்கு 60 அடி விழும் மணி விநாடிக்கு அரை முறை ஆடுகிறது; அதன் மும்மடங்கு 1.5 ஹெர்ட்ஸ். கல் கோபுரங்களின் இயல்பு அதிர்வெண் இதற்கு அருகில் அமைவது அரிதன்று. கோணம் மாறினால் ஆட்ட வேகமும் சற்று மாறும். முன்பு தள்ளி நின்ற இரண்டு அதிர்வெண்கள் நெருங்கிவிடலாம். ஜெர்மனியின் டி.ஐ.என். 4178 என்ற தரநிலை மணிக்கோபுரங்களுக்கென்றே எழுதப்பட்டது. மாற்றத்துக்குப் பின் கோபுரத்தில் புதிய அசைவு உணரப்பட்டால், நிரலைத் திருத்திக்கொண்டிராமல் மணியை நிறுத்திவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

அறிகுறி: யாரும் தொடாமலே மணி ஒலிக்கிறது, அல்லது நிறுத்தியும் நிற்கவில்லை

இந்த அறிகுறியை, எப்போது நிகழ்கிறது என்பதை வைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

மின்தடை நீங்கி மின்சாரம் திரும்பும் கணத்தில் ஓர் அடி மட்டும் விழுகிறது என்றால், நுண்கட்டுப்படுத்தி விழித்தெழும் அந்தச் சிறுபொழுதில் அதன் வெளியீட்டு முனைகள் எந்த நிலையிலும் இல்லாமல் மிதக்கின்றன. தாழ்நிலையில் இயங்கும் மலிவான ரிலே பலகைகளில் இதை அடிக்கடி காணலாம். முனைகளை மின்தடையால் ஓய்வு நிலைக்கு இழுத்துவைப்பது ஒரு வழி. வெளியீடுகள் அனைத்துக்கும் செல்லும் மின்சாரத்தை ஒரு தனி ரிலே வழியாக விட்டு, நிரல் நலமாக ஓடத் தொடங்கிய பின்னரே அந்த ரிலே மூடும்படி செய்வது அதைவிட நல்ல வழி. நிரல் உறைந்தால் அதே ரிலே திறந்து அனைத்தையும் நிறுத்தவும் செய்யும்.

மின்சாரம் வந்தபின் ஒரு முழு மணியோசையே நள்ளிரவில் தொடங்குகிறது என்றால், தவறவிட்ட நிகழ்ச்சிகளை நிரல் ஈடுசெய்ய முயல்கிறது. நண்பகல் மூவேளை செப மணி, நேரம் தவறினால் தவறியதுதான்.

நிறுத்து ஆணை கொடுத்தும் கான்டாக்டர் விடவில்லை என்றால், அதன் சுருளின் முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். மின்னழுத்தம் இல்லாமலே ஒட்டிக்கொண்டிருந்தால் தொடர்புகள் உருகி ஒட்டிவிட்டன. கான்டாக்டரை மாற்ற வேண்டும். மின்னழுத்தம் ஓரளவு தெரிந்தால், அதை இயக்கும் திண்மநிலை ரிலே (அசையும் தொடர்பு இல்லாத மின்னணு ரிலே) அணைந்த நிலையிலும் சில மில்லி ஆம்பியர் கசியவிடுகிறது. பழைய பருமனான கான்டாக்டருக்கு அது ஒரு பொருட்டில்லை. புதிய சிறிய கான்டாக்டரைப் பிடித்து வைக்க அதுவே போதுமாகலாம். சுருளுக்கு இணையாக ஒரு சுமை மின்தடையை இடுங்கள், அல்லது சாதாரண ரிலேயைப் பயன்படுத்துங்கள்.

பலிபீடத்தருகே உள்ள பொத்தானை யாரும் அழுத்தாதபோதே, கட்டுப்படுத்தி "அழுத்தப்பட்டது" என்று பதிவு செய்கிறதா? 230 வோல்ட் கம்பிகளோடு ஒரே உறையில் நெடுந்தூரம் ஓடும் பொத்தான் கம்பியில், கம்பிகளுக்கு இடையேயான மின்தேக்கத்தால் மின்சாரம் தொற்றுகிறது. 100 மீட்டர் நீளத்தில் ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் வரை வரலாம். இன்றைய உள்ளீடுகளை இயக்க அது போதும். பொத்தானை 24 வோல்ட் நேர்மின்னுக்கு மாற்றி, தனிக் கேபிளில் கொண்டுவந்து, இடையே ஒரு ரிலேயை வைப்பதே நிலையான தீர்வு.

இதன் மறுபக்கமும் உண்டு. பழைய சுவிட்சை அழுத்தினாலும் சில வேளைகளில் கட்டுப்படுத்தி அறிவதில்லை. மீட்டரில் பார்த்தால் சுவிட்ச் நன்றாகவே இருக்கிறது. பழைய வெள்ளித் தொடர்புகள், கணிசமான மின்னோட்டம் பாய்ந்து தம் மேல் படியும் கறையைத் தாமே எரித்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. புதிய உள்ளீடு இழுக்கும் சில மில்லி ஆம்பியர் அதற்குப் போதாது. 24 வோல்டில் உள்ளீட்டுக்கு இணையாக 1.2 கிலோ ஓம், 2 வாட் மின்தடை ஒன்றை வைத்தால் கூடுதலாக 20 மில்லி ஆம்பியர் பாயும், தொடர்பு தேறிவிடும். தேறவில்லை என்றால் பொன்முலாம் பூசிய தொடர்புள்ள சுவிட்சைப் போடுங்கள்.

இடிமழைக்குப் பின் மட்டும் கோளாறுகள் தோன்றினால், கோபுரத்திலிருந்து வரும் ஒவ்வொரு கேபிளுக்கும், தகவல் கம்பி உட்பட, மின்னெழுச்சிக் காப்பு இருக்கிறதா, அதன் எர்த் இணைப்பு குட்டையாக உள்ளதா என்று பாருங்கள். உணரித் தகவலை ஒளியிழையில் இறக்குவது செலவானாலும் நிம்மதியானது.

அறிகுறி: கோபுரக் கடிகாரம் ஒரு நிமிடம் பின்தங்குகிறது, அல்லது முள் அசைவதே இல்லை

தாய்க்கடிகாரத்தின் துடிப்பால் நகரும் கடிகாரங்கள் நிமிடத்துக்கு ஒரு துடிப்பு பெறுகின்றன. ஒவ்வொரு துடிப்பும் முந்தையதற்கு எதிரான துருவத்தில் வர வேண்டும். அதே துருவத்தில் மீண்டும் வந்தால் முள் அசையாது. மின்தடைக்குப் பிறகு சில வேளைகளில் சரியாக ஒரு நிமிடம் பின்தங்குகிறது என்றால், கடைசித் துருவம் எது என்பதைப் புதிய கட்டுப்படுத்தி மறந்துவிடுகிறது. அதை அழியா நினைவகத்தில் எழுதிவைக்கச் செய்யுங்கள். முள் அறவே நின்றுவிட்டால் துருவம் மாற்றும் ரிலேக்களில் ஒன்று வேலை செய்யவில்லை.

துடிப்பு 1 முதல் 2 விநாடி வரை நீடிப்பது வழக்கம். குறுகிய துடிப்பு அறைக் கடிகாரத்தை நகர்த்தும், கோபுரத்தின் பெரிய முள்ளை நகர்த்தாமல் விடும். எல்லாம் சரியாக இருந்தும் காரணம் புலப்படவில்லை என்றால் வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள்: 1949 ஆகஸ்டில் லண்டன் பிக் பென் கடிகாரம் நான்கரை நிமிடம் பின்தங்கியதற்குக் காரணம், நிமிட முள்ளில் வந்து அமர்ந்த மைனா இனப் பறவைக் கூட்டமே.

அறிகுறி: நேரமே விலகிப்போகிறது

மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸை எண்ணி ஓடும் கடிகாரமானால், பிழை கோயிலுக்கு வெளியேயும் இருக்கலாம். செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையேயான மின்தகராறால், 2018 ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஐரோப்பியக் கண்டத்தின் மின்தொகுப்பில் சராசரி அதிர்வெண் 49.996 ஹெர்ட்ஸாக இறங்கியது. அத்தகைய கடிகாரங்கள் ஆறு நிமிடம் வரை பின்தங்கின.

குவார்ட்ஸ் படிகத்தால் ஓடும் கடிகாரத்தில் வெப்பநிலையைப் பாருங்கள். சாதாரண 32.768 கிலோஹெர்ட்ஸ் படிகம் 25 டிகிரியில் சரியாக ஓடி, குளிரிலும் வெப்பத்திலும் மெதுவாகும். உறைநிலையை எட்டும் கோபுரத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 விநாடி இழக்கும். குளிர்காலம் முழுவதும் சேர்த்தால் அது நிமிடங்களாகிவிடும். டி.எஸ். 3231 போன்ற வெப்ப ஈடு செய்யும் சில்லுகள் ஆண்டுக்கு ஒரு நிமிட அளவுக்குள் நிற்கும். அவற்றின் விலையை நோக்கும்போது வேறெதையும் பயன்படுத்த எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஜெர்மனியில் பெரும்பாலோர் நாடுவது டி.சி.எஃப். 77 வானொலி நேரத்தை. பிராங்பர்ட் அருகே உள்ள மைன்ஃபிளிங்கனிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில், விநாடிக்கு ஒரு குறியாக, நிமிடத்துக்கு ஒரு முழுச் செய்தியாக அது ஒலிபரப்பாகிறது. மணி ஆடும்போது மட்டும் ஏற்பு அறுந்தால் மோட்டாரின் அதிர்வெண் மாற்றியும், விளக்கு எரியும்போது மட்டும் அறுந்தால் எல்.இ.டி. விளக்கின் மின்வழங்கியும் குற்றவாளிகள். ஆன்டெனாவை எஃகு மணிச்சட்டத்திலிருந்தும் பெட்டியிலிருந்தும் விலக்கி வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு செய்திகள் ஒத்துப்போனால் மட்டுமே நேரத்தை ஏற்கும்படி நிரலை அமையுங்கள். ஒரே செய்தியை நம்பும் நிரல் என்றாவது ஒருநாள் தவறான மணி அடிக்கும். இந்த ஒலிபரப்பின் எல்லை ஏறத்தாழ 2000 கிலோமீட்டர். ஆகவே ஐரோப்பியக் கட்டுப்படுத்தியைத் தமிழ்நாட்டுக்கோ இலங்கைக்கோ வரவழைப்பவர்கள் ஜி.பி.எஸ். அல்லது இணைய நேரத்தை நாட வேண்டும். முழு மணி வித்தியாசத்தை மட்டுமே ஏற்கும் அமைப்பா, ஐந்தரை மணியையும் ஏற்குமா என்பதை வாங்குமுன் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஜி.பி.எஸ். கொண்ட பழைய பெட்டிகளில் ஒரு வினோதமான அறிகுறி உண்டு. மணியும் நிமிடமும் சரியாக இருக்கின்றன, ஞாயிறு மணி ஞாயிறன்றே ஒலிக்கிறது. ஆனால் கோடை நேர மாற்றம் தவறான வாரத்தில் நடக்கிறது, திருவிழா மணிகள் இடம் மாறுகின்றன. ஜி.பி.எஸ். வார எண் 1024 வாரங்களுக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்புகிறது. கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரல் 6ஆம் நாள் நள்ளிரவில். அதைக் கணக்கில் கொள்ளாத ஏற்பிகள் ஏறத்தாழ 19.6 ஆண்டு முந்தைய தேதியைக் காட்டும். பின்னகர்வது முழு வாரங்களாக இருப்பதால் கிழமை மட்டும் தப்பிவிடுகிறது, அதனாலேயே கோளாறு நெடுநாள் கண்ணில் படுவதில்லை. திரையில் ஆண்டைப் பாருங்கள். தவறென்றால் ஏற்பியின் மென்பொருளையோ ஏற்பியையோ மாற்ற வேண்டும்.

அறிகுறி: பெரிய வெள்ளியன்று மணி ஒலிக்கிறது, அல்லது உயிர்ப்பு ஞாயிறன்று ஒலிக்கவில்லை

கத்தோலிக்க வழிபாட்டில், பெரிய வியாழன் மாலைத் திருப்பலியின் வானவர் கீதத்தில் எல்லா மணிகளும் ஒலித்து ஓய்ந்தபின், பாஸ்கா திருவிழிப்பின் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாடு) வானவர் கீதம் வரை மணிகள் மௌனம் காக்கும். பழைய பெட்டியில் கோயில்பிள்ளை ஒரு சுவிட்சைத் திருப்பி வைப்பார். புதிய பெட்டி இதைத் தானே கணக்கிட முயல்கிறது.

மௌன நாள்களில் ஒலித்தால், உயிர்ப்பு ஞாயிறின் தேதியை நிரல் கணக்கிடுகிறதா, அல்லது பதிந்து வைத்த சில ஆண்டுகளின் பட்டியல் தீர்ந்துபோயிற்றா என்று பாருங்கள். அந்தத் தேதி மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே எங்கும் விழலாம். செபமணி மட்டும் நின்று நேர அடிகள் தொடர்ந்தால், பூட்டு மோட்டார்களுக்கு மட்டுமே போடப்பட்டுள்ளது. நேர அடியும் நிற்க வேண்டுமா என்பதை அந்தந்தப் பங்குத்தந்தையிடம் கேட்டு அமையுங்கள்.

மௌனம் முடிந்தும் பூட்டு விலகவில்லை என்பது இன்னும் சுவையானது. 2024இல் உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 31ஆம் நாள் வந்தது. அதே அதிகாலையில் ஐரோப்பாவில் கோடை நேரம் தொடங்கி, மைய ஐரோப்பிய நேரப்படி 2:00 மணி நேராக 3:00 மணியாயிற்று. பூட்டை அதிகாலை 2:30க்கு விலக்கச் சொல்லி எழுதிய நிரலுக்கு அந்த 2:30 வரவே வராது. 2027இலும் உயிர்ப்பு ஞாயிறு, கோடை நேரம் தொடங்கும் மார்ச் 28ஆம் நாளே விழுகிறது. "நேரம் 2:30க்குச் சமமா" என்று கேட்காமல், "குறித்த கணத்தைக் கடந்துவிட்டோமா" என்று உலகப் பொது நேரத்தில் ஒப்பிடும்படி நிரலைத் திருத்துங்கள். கைப்பொத்தான் மட்டும் எல்லா நாளும் பூட்டுக்கு வெளியே இருக்கட்டும். திருவிழிப்பில் வானவர் கீதம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதை எந்த நிரலாலும் முன்கூட்டி அறிய முடியாது.

திருத்தியபின் மோட்டார், சுத்தியல் ஆகியவற்றின் ஃபியூஸ்களைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டுப்படுத்தியின் தேதியை 2027 மார்ச் 25 மாலைக்கு மாற்றி, வெளியீட்டு விளக்குகளை மட்டும் கவனித்தபடி ஞாயிறு காலை வரை வேகமாக ஓட்டிப் பாருங்கள். சரியான தேதியைத் திரும்ப அமைத்து, கடிகாரத் துடிப்பின் துருவத்தையும் ஒருமுறை சரிபார்த்த பின்னரே ஃபியூஸ்களைப் போட வேண்டும்.